ஜின் கதைக்கு ஏன் தடை?

விடுமுறைக்கு வந்திருந்த என் பேத்தியின் கையிலிருந்து ஒரு புத்தகத்தைப் பறித்தேன். கல்லூரியில் முதலாண்டு பயில்பவள் அவள். மஃரிபுக்குப் பின் முற்றத்து விளக்கடியில் அமர்ந்து, உம்மா அழைப்பதும் காதில் விழாமல் படித்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலப் புத்தகம். அட்டையில் 'ஜின்னி' என்ற சொல் என் கண்ணில் பட்டது. "பேய் பிசாசுக் கதையெல்லாம் இந்த வீட்டில் வேண்டாம்" என்று கூறி, அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் அழவில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. "நன்னா, நீங்க அதைப் படிச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் விடை இல்லை.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய நாள் முதல், படித்ததையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டே உறங்கச் செல்பவள் அவள். அன்றிலிருந்து அந்தப் பேச்சு நின்றது. கைப்பேசித் திரையில் எதையோ படிப்பாள். நான் அருகே சென்றால் திரை இருண்டுவிடும். நான் புத்தகத்தைப் பறித்ததால் அவள் படிப்பதை நிறுத்தவில்லை. என்னோடு பேசுவதைத்தான் நிறுத்தினாள். இந்த உண்மை எனக்கு உறைக்கப் பத்து நாள்கள் ஆயின. பதினோராம் நாள் அலமாரியைத் திறந்து, அந்தப் புத்தகத்தை நானே படிக்கத் தொடங்கினேன். அது முடிந்ததும் அவ்வகையைச் சேர்ந்த வேறு சில நூல்களையும் தேடிப் படித்தேன்.

அப்படிப் படித்ததன் பயனே இக்கட்டுரை. நம் சமுதாயக் குடும்பங்களில் மாயக் கதைகளுக்கு விதிக்கப்படும் தடை அறியாமையின் பாற்பட்டது என்றும், அந்தத் தடையால் நம் பிள்ளைகள் நல்லதை இழந்து மட்டமானதை மறைவில் நாடுகிறார்கள் என்றும் நான் கூறுகிறேன். இதை மறுப்போர் மறுக்கலாம். ஆயின் படித்துவிட்டு மறுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நகரமும் மாயமும்

ஆங்கிலத்தில் 'அர்பன் ஃபேண்டஸி' என்று ஒரு நாவல் வகை உண்டு. நகர மாயப் புதினம் என்று நாம் அழைக்கலாம். பழைய மாயக் கதையில் மலையும் காடும் அரண்மனையும் இருக்கும். இவ்வகையிலோ மாயம் டிராம் வண்டியில் ஏறுகிறது. காவல் நிலையத்தில் முறையீடு செய்கிறது. ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேர்கிறது. நாம் அறிந்த நகரம், நாம் அறிந்த தெரு, அதற்குள் நாம் அறியாத ஒன்று. 1987-இல் எம்மா புல் என்ற அமெரிக்க எழுத்தாளர், மின்னியாபொலிஸ் நகரில் கதை நிகழும் 'வார் ஃபார் தி ஓக்ஸ்' என்ற நாவலை எழுதினார். இவ்வகை வேரூன்ற வழிசெய்த நூல்களுள் அது ஒன்று. அதன்பின் இவ்வகை நூல்கள் ஆறாய்ப் பெருகின.

பெருகியதில் பெரும்பகுதி கலங்கல் நீரே என்பதை நான் மறைக்கப் போவதில்லை. இரத்தம் குடிக்கும் அழகிய இளைஞன், அவன்மேல் மையல் கொண்டு அறிவிழக்கும் பெண், பௌர்ணமியில் ஓநாயாக மாறுபவன், கருப்புத் தோலாடை அணிந்து இவர்களை வேட்டையாடும் வீராங்கனை. இந்த நால்வரையே சுற்றிச்சுற்றி வரும் தொடர் நாவல்கள் எண்ணற்றவை. முதல் புத்தகத்தைப் படித்தவன் இருபதாவதையும் படித்தவனே. அவற்றில் நகரத்தின் பெயர் இருக்கும், நகரம் இராது. சிகாகோ என்ற சொல்லை அடித்துவிட்டு டொராண்டோ என்று எழுதினாலும் ஒரு வரியும் மாற வேண்டியதில்லை.

ஆகவே நான் ஓர் எளிய அளவுகோலைக் கையாண்டேன். கதையிலிருந்து அந்த நகரத்தைப் பிரித்தெடுத்துப் பாருங்கள். கதை குலையாமல் நின்றால் அது பழைய சரக்குக்குப் புதிய உறை, ஒதுக்கிவிடலாம். நகரத்தை எடுத்ததும் கதையும் சரிந்தால், அங்கே எழுதியவர் உண்மையாக உழைத்திருக்கிறார் என்று பொருள். அந்த மாயம் நகரத்தைக் காட்டுவதற்காகவே வந்த மாயம்.

பொய் என்னும் குற்றச்சாட்டு

"கதை என்பது பொய், பொய் பாவம், ஆதலால் கதையும் பாவம்" என்று வாதிடும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய எண்ணம் தூயது; அதில் எனக்கு ஐயமில்லை. வாதம்தான் பிழையானது.

பொய் என்பது யாது? கேட்பவன் மெய்யென்று நம்பி ஏமாற வேண்டும் என்னும் நோக்கத்துடன் சொல்லப்படுவது. கதை சொல்பவனோ தொடங்கும்போதே உண்மையை உடைத்துவிடுகிறான். அரபு நாட்டுக் கதைசொல்லி 'கான யா மா கான்' என்று தொடங்குவான். இருந்ததோ, இல்லையோ என்னும் குறிப்பு அதில் உண்டு. நம் பாட்டி 'ஒரே ஒரு ஊரிலே' என்றதும், இனி வருவது கதை என்று மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஏமாற்றுபவனும் இல்லை, ஏமாறுபவனும் இல்லை. பிறகு பொய் எங்கே வந்தது?

எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஉ 'கலீலா வ திம்னா'வை அரபியில் தந்தார். அதில் நரிகள் வாதாடுகின்றன. சிங்கம் அரசு செலுத்துகிறது. நரி பேசுமா என்று கேட்டு அந்நூலை எவரும் எரித்துவிடவில்லை. அரசியல் நீதி பயிலும் நூலாகப் போற்றினர். பஸராவின் அல் ஹரீரி (1054–1122) இயற்றிய 'மகாமாத்'தின் நாயகன் அபூ ஸைத் ஒரு நாடோடி. சொல்வன்மையால் ஊரை ஏய்த்துப் பிழைப்பவன். இப்படிக் கற்பனை செய்யலாமா என்ற வினாவை ஹரீரி தம் முன்னுரையிலேயே எழுப்பிக்கொண்டு, விலங்குக் கதைகளைச் சான்று காட்டி, செயலுக்கு எண்ணமே அடிப்படை என்று விடையும் கூறியிருக்கிறார். அந்நூல் பல நூற்றாண்டுகளாக அரபி மதரஸாக்களில் இலக்கியப் பாடமாக இருந்துவருகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்தலூஸியாவின் இப்னு துஃபைல், தனித் தீவில் மானால் வளர்க்கப்பட்ட ஒரு குழந்தையின் கதை மூலமாகத் தத்துவம் பேசினார். இவர்களெல்லாம் மார்க்கம் அறியாதவர்களா?

ஜின் என்னும் அச்சம்

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. "ஜின் என்பது நம் நம்பிக்கையோடு தொடர்புடையது, திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே அப்பெயரில் இருக்கிறது, அதை வைத்து விளையாடலாமா?" என்பது அது. இதை நான் மதிக்கிறேன். எளிதில் தள்ளிவிடக் கூடிய வாதமன்று.

திருக்குர்ஆனின் 72-ஆம் அத்தியாயம் ஜின்களுள் ஒரு கூட்டத்தார் மறையோதக் கேட்டு ஈமான் கொண்டதைக் கூறுகிறது. 27-ஆம் அத்தியாயத்தில் நபி சுலைமான் (அலை) அவர்களின் அவையில் ஓர் இஃப்ரீத்து பேசுகிறது. ஜின்களுள் நல்லோரும் உண்டு, தீயோரும் உண்டு. அறிவும் பொறுப்பும் அவற்றுக்கு உண்டு என்பதே நாம் கற்றது. இதைக் கற்ற பிள்ளை ஒரு நாவலைப் படிக்கும்போது, மறை கூறுவது எது, கதாசிரியர் புனைந்தது எது என்று பிரித்தறிய முடியும். அப்படிப் பிரித்தறியக் கற்பிப்பது பெற்றோர் கடமை. அக்கடமையைச் செய்யச் சோம்பி, புத்தகத்தைப் பூட்டிவைப்பது எளிய வழி. நானும் அந்த எளிய வழியைத்தான் பின்பற்றினேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஜின் பிடித்திருக்கிறது என்று கூறி, தாயத்துக்கும் தகட்டுக்கும் காசு பறிப்பவனை நம் வீடுகளில் உட்காரவைத்து விருந்திடுகிறோமா இல்லையா? அவன் சொல்வதை மெய்யென்று நம்பி, மனநோயுற்ற பெண்ணை மருத்துவரிடம் காட்டாமல் அவன் முன் அமர்த்துகிறோமா இல்லையா? 'இது கதை' என்று அட்டையிலேயே அச்சிட்டு வருபவன் வாசலில் தடுக்கப்படுகிறான். 'இது உண்மை' என்று சத்தியம் செய்து ஏய்ப்பவன் நடு வீட்டுக்கு வருகிறான். நம் ஈமானுக்கு ஊறு விளைவிப்பவன் இவ்விருவருள் யார்?

மேலைநாட்டுச் சரக்கா?

"எல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு" என்பது மூன்றாவது குற்றச்சாட்டு. இதைக் கேட்டால் சிரிப்பு வருகிறது. நகரத்துக்குள் மாயத்தைக் கொண்டுவந்தவர்களுள் அரபுக் கதைசொல்லிகள் முன் வரிசையில் நிற்பவர்கள். 'ஆயிரத்தொரு இரவுகள்' நூலில் பக்தாத் சுமைதூக்கியின் கதை எங்கே தொடங்குகிறது? கடைத்தெருவில். ஒரு பெண் கடை கடையாகப் பொருள் வாங்குகிறாள். கூடை சுமந்து பின்னே செல்லும் கூலியாள் ஒரு விந்தையான வீட்டுக்குள் நுழைகிறான். கெய்ரோவின் செருப்புத் தைப்பவன் மஃரூபின் வாழ்வில் ஜின் வருவதும் அவனுடைய வறுமையின் நடுவில்தான். அன்த்வான் கலான் என்ற பிரெஞ்சுக்காரர் 1704 முதல் இக்கதைகளைத் தம் மொழியில் வெளியிட்ட பிறகே ஐரோப்பா இச்சுவையை அறிந்தது. கடன் வாங்கியவர்கள் அவர்கள். வட்டியோடு இப்போது திருப்பித் தருகிறார்கள். வாங்கிக்கொள்ள நமக்கு என்ன தயக்கம்?

அக்கதைகளைக் குறைகூறியவர் அன்றும் உண்டு. பத்தாம் நூற்றாண்டுப் பக்தாதின் புத்தக வணிகர் இப்னு நதீம், தம் நூற்பட்டியலில், இக்கதைகளுக்கு மூலமான பாரசீகத் தொகுப்பைச் சுவையற்ற நூல் என்று எழுதினார். கவனியுங்கள்: சொன்ன முறை நன்றாக இல்லை என்பதே அவர் குறை. நூலைப் பார்த்துவிட்டுக் குறைகூறிய அவர் எங்கே, பார்க்காமல் பூட்டிய நான் எங்கே!

தமிழ் நாவலின் தொடக்க காலப் படைப்புகளுள் ஒன்றான 'அசன்பே சரித்திர'த்தை 1885-இல் வெளியிட்டவர் கண்டியில் பிறந்த சித்திலெப்பை. அக்கதையின் நாயகன் கெய்ரோவில் பிறந்தவன். கடல் கடந்த நகரங்களைத் தமிழ் நாவலுக்குள் அத்துணை முன்னதாகக் கொண்டுவந்த சமுதாயம் இது. அப்படிப்பட்ட சமுதாயத்தின் பிள்ளைகள் கெய்ரோவையும் பக்தாதையும் பற்றிய நாவலை ஒளித்துவைத்துப் படிக்க வேண்டிய நிலை நேர்ந்தது எவ்வாறு?

படிக்கத் தக்க ஐந்து நூல்கள்

குறைகூறுவது மட்டும் போதாது. எவற்றைப் படிக்கலாம் என்றும் சொல்ல வேண்டும்.

முதலாவது, நான் பறித்த அந்த நூல்: ஹெலன் வெக்கர் எழுதிய 'தி கோலம் அண்ட் தி ஜின்னி' (2013). கோலம் என்பது யூதர் கதைமரபில் களிமண்ணால் செய்து உயிரூட்டப்பட்ட உருவம். 1899-ஆம் ஆண்டு நியூயார்க்குக்கு அப்படி ஒரு பெண்ணுருவம் கப்பலில் வருகிறது. அவளை வாங்கி வந்த எசமானன் வழியிலேயே இறந்துவிடுகிறான். அதே நகரின் சிரியர் குடியிருப்பில் ஒரு தகரத் தொழிலாளி பழைய செப்புக் குடுவையைப் பழுதுபார்க்கையில், அதனுள் பல நூற்றாண்டுகளாகச் சிறைப்பட்டிருந்த ஜின் வெளிப்படுகிறது. அதன் மணிக்கட்டில் இரும்புக் காப்பு. அது கழலும்வரை மனித உருவிலிருந்து விடுதலை இல்லை. அவள் ரொட்டிக் கடையில் வேலை செய்கிறாள். அவன் தகரப் பட்டறையில். இருவரும் தம் இயல்பை மறைத்து, புதிய மொழியும் புதிய வழக்கமும் கற்று, அயலாரின் ஐயப் பார்வைக்கு அஞ்சி வாழ்கிறார்கள். பிழைக்க அயல்நாடு சென்ற எவரும் இதைப் படித்துத் தம் கதை என்று உணர்வர். வாஷிங்டன் தெருவைச் சுற்றியிருந்த அந்த அரபுக் குடியிருப்பு உண்மையில் இருந்தது. பெரும்பாலும் கிறித்தவ அரபிகள் வாழ்ந்த இடம். 1940-களில் சுரங்கப் பாதைக்காக அதில் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. நகரம் மறந்துவிட்ட ஒரு தெருவை ஒரு ஜின்னின் கதை நமக்கு மீட்டுத் தருகிறது. இதுவா பேய்க்கதை?

இரண்டாவது, ஜி. வில்லோ வில்சனின் 'அலிஃப் தி அன்சீன்' (2012). இஸ்லாத்தைத் தழுவி, கெய்ரோவில் வாழ்ந்த அமெரிக்கப் பெண்மணி இவர். 2013-இல் இந்நாவலுக்கு உலக மாயப் புனைவு விருது கிடைத்தது. பெயர் சுட்டப்படாத ஒரு வளைகுடா நகரம். அங்கே அரபுத் தந்தைக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்த இளைஞன். இருவரினத்தார்க்கும் அவன் முழு உரிமையாளன் அல்லன். அரசின் கண்ணில் படாமல் கணினி வழியே எழுதுவோரைக் காப்பது அவன் தொழில். ஜின்கள் சொன்னதாகக் கூறப்படும் ஒரு நூல் அவன் கைக்கு வர, உளவுப் படை துரத்த, அவன் ஜின்களின் வட்டாரத்தில் அடைக்கலம் புகுகிறான். அடுத்த வீட்டுப் பெண் தீனா, தானே விரும்பி முகத்திரை அணிந்தவள். அறிவும் துணிவும் மிக்கவள். எத்தனை நாவல்களில் முகத்திரை அணிந்த பெண்ணை இரக்கத்துக்குரிய பொருளாகவே கண்டிருக்கிறோம்! இங்கே அவள்தான் நாயகனுக்கு வழிகாட்டி. 'அன்சீன்' என்பது மறைவானவற்றையும் குறிக்கும். பக்கத்திலேயே இருந்தும் அவன் காணத் தவறிய அப்பெண்ணையும் குறிக்கும் என்று நான் கொள்கிறேன். வளைகுடாவில் மகனையோ கணவனையோ வைத்திருக்கும் நம் குடும்பங்கள் அந்த நகரத்தின் கூலிக் குடியிருப்புகளை இதில் அடையாளம் காணலாம்.

மூன்றாவது, பி. ஜெலி கிளார்க்கின் 'எ மாஸ்டர் ஆஃப் ஜின்' (2021). இவர் வரலாற்றுப் பேராசிரியர். கதை 1912-ஆம் ஆண்டுக் கெய்ரோவில் நிகழ்கிறது. உண்மை வரலாற்றில் 1882-இல் எகிப்தைப் பிரிட்டன் கைப்பற்றியது. கிளார்க்கின் கதையிலோ, அல் ஜாஹிஸ் என்ற சூடானிய ஞானி ஜின்களின் உலகுக்குக் கதவு திறந்துவிட, அவற்றின் துணையோடு எகிப்து அன்னியரை வெளியேற்றி உலக வல்லரசாகிறது. ஜின்கள் குடிமக்களாக வாழ்கின்றன. அவை தொடர்பான வழக்குகளைத் துப்பறிய ஓர் அமைச்சகமே இருக்கிறது. அதில் பணிபுரியும் ஃபாத்திமா என்ற பெண், ஆங்கிலேயச் சீமான் ஒருவனின் மாளிகையில் நிகழ்ந்த கொலைகளை ஆராய்கிறாள். கிழக்கின் ஞானத்தை அரும்பொருளாகச் சேகரித்து மகிழும் அந்நியர் கூட்டத்தை இவர் தோலுரிக்கும் விதம் அருமை. நகரத்தின் செல்வச் செருக்குக்கு அடியில் ஏழைகளின் சினம் குமுறுவதையும் மறைக்கவில்லை. இந்நாவலுக்கு நெபுலா விருது கிடைத்தது. இதே கெய்ரோவில் நிகழும் இவரது குறுநாவல் 'தி ஹான்டிங் ஆஃப் டிராம் கார் 015' (2019) அளவில் சிறியது. அதிலிருந்து தொடங்குவதும் நன்று.

நான்காவது, ஐந்திலும் தலைசிறந்தது என்று நான் கருதுவது: அஹ்மத் ஸஃதாவி அரபியில் எழுதிய 'பக்தாதில் ஃபிராங்கன்ஸ்டைன்' (2013). 2014-இல் அரபுப் புனைவுக்கான பன்னாட்டுப் பரிசு இதற்கு வழங்கப்பட்டது. ஜொனதன் ரைட்டின் ஆங்கில ஆக்கம் 2018-இல் வந்தது. 2005-ஆம் ஆண்டுப் பக்தாத், நாள்தோறும் குண்டுவெடிப்பு. ஹாதி என்ற பழம்பொருள் வியாபாரி தெருவில் சிதறிய உடலுறுப்புகளைப் பொறுக்கி வந்து ஓருடலாகத் தைக்கிறான். எதற்காக? குப்பையாக அள்ளப்படாமல், ஒரு மனித உடலாக அவை அடக்கம் பெற வேண்டும் என்பதற்காக. குண்டில் மாண்டு, தன் உடலைக் காணாமல் அலையும் ஓர் உயிர் அதற்குள் புகுந்துவிடுகிறது. போரில் காணாமற்போன மகனுக்காக ஆண்டுக் கணக்கில் காத்திருக்கும் ஒரு கிறித்தவ மூதாட்டி, வந்தவனைத் தன் மகனென்றே வரவேற்கிறாள். தன் உறுப்புகளுக்கு உரியவர்களுக்காக அவ்வுருவம் பழிவாங்கப் புறப்படுகிறது. பழி தீரத்தீர அந்தந்த உறுப்பு அழுகி விழ, புதிய உறுப்பு தேவைப்படுகிறது. கடைசியில் குற்றவாளி யார், குற்றமற்றவர் யார் என்ற எல்லையே அழிந்துபோகிறது. பழிக்குப் பழி என்பது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று நூறு சொற்பொழிவுகள் உணர்த்தாததை இந்த ஒரு நாவல் உணர்த்துகிறது. ஆயின் இது முதிர்ந்தோர்க்கான நூல். கொடுமை நிறைந்த காட்சிகள் உண்டு.

ஐந்தாவது, சற்றே மனம் இளக: பென் ஆரனோவிச்சின் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' (2011). சியரா லியோனிலிருந்து குடியேறிய தாயின் மகனான பீட்டர் கிராண்ட் என்ற இளம் காவலர், சாட்சி சொல்ல வந்தவர் ஓர் ஆவி என்று அறிவதில் கதை தொடங்குகிறது. ஃபிளீட், டைபர்ன், எஃப்ரா ஆகியவை லண்டனில் ஒரு காலத்தில் திறந்த வெளியில் ஓடிய சிற்றாறுகள். காலப்போக்கில் மூடப்பட்டு இன்று தெருக்களுக்கு அடியில் ஓடுகின்றன. நாவலில் அவை மனித உருவெடுத்து உலவுகின்றன. பேராறான தேம்ஸோ நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு பெருமாட்டி. ஆற்றுக்குத் தெய்வத்தன்மை கற்பிப்பது நம் கொள்கைக்கு உடன்பாடன்று. கதையின் கற்பனை என்ற அளவில் கொள்க. கால்மிதிபடும் கற்களுக்குக் கீழே ஓர் ஆறு ஓடுகிறது என்ற நினைவை ஊட்டும் நூல் வீணானதன்று.

ஓர் எச்சரிக்கையும் கூறிவிடுகிறேன். இந்நூல்களுள் சிலவற்றில் நம் குடும்பங்கள் ஏற்காத உறவுகள் வருகின்றன. வெக்கரின் நாவலில் மணமாகாத நெருக்கம் உண்டு. கிளார்க்கின் நாயகியின் காதல் இன்னொரு பெண்மேல். எனவே பெரியவர்கள் முதலில் படியுங்கள். எந்த வயதுக்கு எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நான் கேட்பது கண்மூடி அனுமதிப்பதை அன்று, கண்திறந்து தெரிந்தெடுப்பதை.

காணாமல் விடுவது யார்?

"இதையெல்லாம் படித்தால் பிள்ளைகள் நனவுலகை மறந்துவிடுவார்கள்" என்பது இறுதி வாதம். சைனா மிவில் என்ற ஆங்கில எழுத்தாளர் 'தி சிட்டி அண்ட் தி சிட்டி' என்று 2009-இல் ஒரு நாவல் எழுதினார். ஒரே நிலப்பரப்பில் இரு நகரங்கள், தெருக்களும் பின்னிக்கிடக்கின்றன. ஒரு நகரத்தார் மற்ற நகரத்தாரைக் கண்ணெதிரே கண்டாலும் காணாதவர்போல் விலகிச் செல்ல வேண்டும், அதுவே சட்டம். குழந்தைப் பருவத்திலிருந்து அதற்குப் பயிற்சியும் தரப்படுகிறது. இதில் மந்திரம் ஏதுமில்லை. எந்த நகரத்திலும் நாம் செய்வது இதுதானே! சாக்கடைக்குள் இறங்கும் மனிதனை, நடைபாதையில் உறங்கும் குடும்பத்தை, அடுத்த தெருவில் வாழும் வேற்று மொழிக்காரனைக் கண்டும் காணாமல் செல்ல நாம் பயின்றிருக்கிறோம்.

நனவுலகை மறந்தவர்கள் யார் என்று இப்போது சொல்லுங்கள். ஒரு ஜின்னின் தனிமையைப் படித்துக் கண்கலங்கிய பெண், தன் ஊருக்குப் பிழைக்க வந்த வடநாட்டுக் கூலியாளை இனி மனிதனாகக் காண்பாள். சிதறிய உறுப்புகளைக் கண்ணியமாக அடக்க விரும்பிய பழம்பொருள் வியாபாரியைப் படித்தவன், செய்தித்தாளில் மாண்டோர் எண்ணிக்கையை வெறும் எண்ணாகப் படிக்க மாட்டான். நல்ல மாயக் கதை கண்ணை மறைப்பதில்லை. பழக்கத்தால் மூடிப்போன கண்ணைத் திறக்கிறது.

ஆகவே சகோதரர்களே, தாய்மார்களே! பிள்ளைகளின் கையிலுள்ள புத்தகத்தைப் பறிக்குமுன் அதில் ஐம்பது பக்கங்களையாவது படியுங்கள். மட்டமானதாயின் ஏன் மட்டம் என்று எடுத்துரையுங்கள்; அதனினும் சிறந்த ஒன்றைக் கையில் கொடுங்கள். ஜமாஅத் நூலகங்களை நடத்துவோர் இத்தகைய நூல்களுக்கும் ஓர் அடுக்கு ஒதுக்குங்கள். மொழிபெயர்ப்பில் வல்லவர்கள், ஸஃதாவி போன்றோரை நம் மொழியில் படிக்க வகைசெய்யுங்கள். எழுதும் இளைஞர்கள், இரவல் ஓநாய்களை விட்டுவிட்டு, நீங்கள் நடந்து பழகிய தெருவை எழுதுங்கள்.

நான் செய்தது இவ்வளவே. படித்து முடித்த புத்தகத்தைப் பேத்தியிடம் திருப்பிக் கொடுத்தேன். "படித்துவிட்டேன், அந்தத் தகரத் தொழிலாளியை எனக்குப் பிடித்திருக்கிறது" என்றேன். சிறிது நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "நன்னா, இதுக்கு இரண்டாம் பாகம் இருக்கு" என்றாள். அன்றிரவு இஷாவுக்குப் பின் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவளுடைய கைப்பேசி கூடத்து மேசைமேலேயே கிடந்தது.